ஆகாய விமானமும் அடிவயிற்றுக் கலக்கமும்

நம் வணிகர்கள் இன்று வெளிநாடு செல்வதற்குக் காரணம் இரண்டுதான். ஒன்று சரக்கு, மற்றொன்று பிள்ளைகள். துவரைக்குத் தான்சானியா, உளுந்துக்கு மியான்மர், மசூர் பருப்புக்கும் பட்டாணிக்கும் கனடா என்று நம் மண்டிகளின் தொடர்பு விரிந்துவிட்டது. துபாயில் ஆண்டுதோறும் நடைபெறும் கல்ஃபுட் உணவுப்பொருள் கண்காட்சிக்கும், சீனாவின் குவாங்சௌ நகரில் ஆண்டுக்கு இரு முறை கூடும் கான்டன் சந்தைக்கும் சிற்றூர்களிலிருந்துகூட வியாபாரிகள் குழுவாகச் சென்று வருகின்றனர். பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பஜாரில் எந்தக் கடையில் விசாரித்தாலும் மகனோ மகளோ அமெரிக்காவில், கனடாவில், ஆஸ்திரேலியாவில் என்ற பதில்தான் வருகிறது.

இவ்வளவு இருந்தும், "ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாமே" என்று சொன்னால், "கடையை யார் பார்ப்பது?" என்று திருப்பிக் கேட்போர் நம்மில் அநேகம். கடை ஒரு நல்ல சாக்கு. யாரும் மறுத்துப் பேச முடியாது. ஆனால் திருப்பதிக்கும் காசிக்கும் பத்து நாள் போகும்போது அதே கடையைப் பார்க்க ஆள் கிடைத்துவிடுகிறது என்பதையும் நாம் கவனித்திருக்கிறோம்.

நம் பஜாரில் நாற்பது ஆண்டுகளாக மளிகைக்கடை நடத்தும் நண்பர் ஒருவர். மகள் டொரன்டோவில் இருக்கிறார். இரண்டு பிரசவத்துக்கும் மனைவி மட்டும்தான் போய் வந்தார். விசா வாங்கி மூன்று ஆண்டுகளாக அலமாரியில் கிடந்தது. ஒருநாள் இரவு கணக்கு முடித்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார்: "கடைங்கிறது ஒரு பேச்சுக்குத்தான் அண்ணாச்சி. கதவைச் சாத்திட்டா பதினாலு மணி நேரம் இறங்க முடியாதே! நெனச்சாலே வயித்தைக் கலக்குது. வீட்ல சொன்னா சிரிப்பாங்க." அவருடைய சின்னப் பேரனுக்கு அப்போது மூன்று வயது. போனில் முகத்தை மட்டுமே பார்த்துப் பழகிய அந்தக் குழந்தை, "தாத்தாவுக்குக் கால் இருக்கா?" என்று தாயிடம் கேட்டதாம். அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

இவரைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம். நாமும் அதே ரகம்தான். சரக்கு விஷயமாகவும் குடும்ப விஷயமாகவும் பலமுறை போய் வந்த பிறகும், ஓடுபாதையில் விமானம் வேகமெடுக்கும்போது இருக்கையின் கையைப் பிடித்த பிடி தளர்வதில்லை. ஆகவே இது பயம் அறியாதவர் சொல்லும் புத்திமதி அல்ல.

கப்பல் போன காலம் போயிற்று

நம் முன்னோர் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலில் போனார்கள். ரஜூலா கப்பலில் பினாங்கு போய் வந்த கதையைச் சொல்லும் பெரியவர்களை நாம் சிறுவயதில் பார்த்திருக்கிறோம். வானத்தில் போக மனம் வராதவர் தண்ணீரில் போய்க்கொள்ளலாம் என்ற வசதி அன்று இருந்தது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றியதோடு அதுவும் முடிந்தது. இன்று அவ்வளவு தூரம் கடல் கடக்க வேண்டுமானால் பெரும்பாலும் விமானம்தான் வழி.

இந்தப் பயத்தில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உலகப் புகழ் பெற்ற நெதர்லாந்து கால்பந்து வீரர் டென்னிஸ் பெர்க்காம்ப், விமானம் ஏறுவதில்லை என்று முடிவெடுத்து, அதனால் பல வெளிநாட்டு ஆட்டங்களையே விட்டுக்கொடுத்தார். பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனம், விமானத்துக்கு அஞ்சுகிறவர்களுக்கென்றே கட்டணம் வாங்கிக்கொண்டு பல ஆண்டுகளாக வகுப்பு நடத்தி வருகிறது. வெள்ளைக்காரன் காசு கொடுத்து வகுப்புக்குப் போகிறான். நாம் கடையைச் சாக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். ஆகவே முதல் வேலை, வீட்டில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது. கூட வருகிறவருக்குத் தெரிந்திருந்தால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

அகமதாபாத்துக்குப் பிறகு

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் லண்டனுக்குக் கிளம்பிய விமானம் விழுந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒரே ஒருவர்தான் பிழைத்தார். தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 உயிர்கள் போயின. அந்த வாரம் நம் பஜாரிலேயே டிக்கெட்டை ரத்து செய்தவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். அந்தப் படங்களைப் பார்த்த கண்ணுக்குக் கணக்கு எடுபடாது.

என்றாலும் நாம் கணக்கை நம்பிப் பிழைக்கிறவர்கள், கணக்கைப் பார்த்துவிடுவோம். 2024-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 4 கோடிக்கு மேற்பட்ட விமானப் பயணங்கள் நடந்தன. அவற்றில் உயிர்ச்சேதம் விளைவித்த விபத்துகள் 7. நம் நாட்டுச் சாலைகளில் 2022-இல் மட்டும் இறந்தவர்கள் 1,68,491 பேர், அதாவது நாள் ஒன்றுக்கு 460 பேருக்கு மேல். விடியற்காலையில் லாரிக்குப் பின்னால் ஸ்கூட்டரில் மார்க்கெட்டுக்குப் போகும்போது நமக்கு ஒரு கலக்கமும் வருவதில்லை. காரணம், ஸ்கூட்டரின் கைப்பிடி நம் கையில் இருக்கிறது. அதன் ஒவ்வொரு சத்தமும் நமக்குத் தெரியும். விமானத்தில் இரண்டும் இல்லை. முதலாவதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதற்கு வழி உண்டு.

சத்தங்கள்

நம் அனுபவத்தில் பயத்தின் பெரும்பகுதி காது வழியாகத்தான் வருகிறது. விமானம் தரையை விட்டு எழும்பிய சில நொடிகளில் காலுக்குக் கீழே "தடால்" என்று ஒரு சத்தம் கேட்கும். சக்கரங்கள் மடங்கி உள்ளே போகும் சத்தம் அது. ஓரிரு நிமிடத்தில் எஞ்சின் ஓசை திடீரென்று குறையும். விமானம் கீழே இறங்குவது போல வயிற்றில் ஓர் உணர்வு வரும். முதல் முறை போகிறவர்கள் "எஞ்சின் நின்றுவிட்டது" என்று நினைத்துக் கடவுளைக் கூப்பிடும் இடம் இதுதான். கிளம்பும்போது வேண்டியிருந்த முழு வேகம் இனித் தேவையில்லை என்பதால் விமானி குறைக்கிறார். மேடேறி முடித்த லாரி டிரைவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்துவதைப் போல. விமானம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

சில ஏர்பஸ் விமானங்களில் தரையில் நிற்கும்போது, நாய் குரைப்பது போலவோ ரம்பம் அறுப்பது போலவோ அடியிலிருந்து சத்தம் வரும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஒரு பம்பின் சத்தம் அது, கோளாறு அல்ல. "டிங்" என்ற மணியோசை பெரும்பாலும் பணியாளர்கள் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்வது. தரை தொட்டதும் எழும் பேரிரைச்சல், எஞ்சினின் காற்றை முன்பக்கமாகத் திருப்பி வேகத்தை அடக்குவதால் வருவது. கழிப்பறையில் பொத்தானை அமுக்கியதும் இடி இடித்தாற்போல உறிஞ்சும் சத்தம் கேட்கும். இதற்குப் பயந்தே பத்து மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்து வந்த ஒரு பெரியவரை நமக்குத் தெரியும். காற்றால் இழுத்துச் சுத்தம் செய்கிற ஏற்பாடு அது, அவ்வளவுதான்.

இறக்கை ஆடுவதைப் பார்த்துக் கலங்குகிறவர்களும் உண்டு. ஆடாத இறக்கைதான் ஆபத்து. 2010-இல் போயிங் 787 விமானத்தைச் சோதித்தபோது, பறக்கையில் வரக்கூடிய மிக அதிகமான பாரத்தைப் போல ஒன்றரை மடங்கு பாரம் கொடுத்து, இறக்கையைச் சுமார் 25 அடி மேலே வளைத்துப் பார்த்தார்கள். முறியவில்லை. நம் ஊர் மூங்கிலைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

கதவைப் பற்றி ஒரு வார்த்தை. யாராவது நடுவானில் திறந்துவிட்டால் என்ன ஆவது என்று சிலர் இரவெல்லாம் கதவையே பார்த்துக்கொண்டு வருவார்கள். அந்த உயரத்தில் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தமே கதவைச் சட்டத்தோடு இறுக்கிப் பிடித்திருக்கிறது. எந்த மனிதனாலும் திறக்க முடியாது.

குலுக்கல்

நீண்ட பயணத்தில் மனத்தை உலுக்குவது குலுக்கல்தான். காற்று ஒரே சீராக ஓடுவதில்லை. மலையில் மோதி எழும்பும் காற்று, வெயிலில் சூடேறி மேலெழும் காற்று, மிக உயரத்தில் ஆறு போல ஓடும் வேகக் காற்று ஆகியவற்றின் ஓரங்களில் விமானம் புகும்போது மேடுபள்ளச் சாலை போலத் தூக்கிப் போடுகிறது. தட்டில் ஊற்றிய அல்வாவுக்குள் பதிந்த முந்திரியை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டை ஆட்டினால் முந்திரியும் ஆடும். ஆனால் கீழே விழாது. அந்த வேகத்தில் காற்று விமானத்தைச் சுற்றி அப்படித்தான் இறுகிப் பிடித்திருக்கிறது. நூறடி விழுந்துவிட்டோம் என்று நமக்குத் தோன்றும்போது, பெரும்பாலும் விமானம் சில அடிகள்தான் அசைந்திருக்கும்.

ஆனால் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டோம். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியான்மர் வான்வெளியில் கடுங்குலுக்கலில் சிக்கியது. 73 வயதுப் பயணி ஒருவர் இறந்தார். பலர் படுகாயம் அடைந்தனர். விமானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பாங்காக்கில் ஒழுங்காக இறங்கியது. சில நொடிகளுக்குள் நடந்த அந்த ஏற்றத்தாழ்வில் பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதினார்கள். ஆகையால் விளக்கு அணைந்த பிறகும், தூங்கும்போதும், கம்பளிக்கு மேலே தெரியும்படி பெல்ட்டைப் போட்டே இருங்கள். பயப்படுகிறவர் தன் கையால் செய்யக்கூடிய முக்கியமான காரியம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் விமானியின் பாடு.

இடம் பிடிக்கும்போது இறக்கைக்கு நேராக உள்ள வரிசையைக் கேட்டு வாங்குங்கள். மலைப்பாதையில் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்தவருக்கும் நடு சீட்டில் உட்கார்ந்தவருக்கும் உள்ள வித்தியாசம் விமானத்திலும் உண்டு. அடைபட்டது போன்ற உணர்வு வருகிறவர்கள் நடைபாதை ஓரமாக உட்கார வேண்டும். ஜன்னல் அவர்களுக்கு வேண்டாம்.

எடைக் குழப்பத்தில் ஒரு விமானம்

"எஞ்சின் நின்றால் கல்லைப் போல விழ வேண்டியதுதானே?" என்று கேட்பவர்களுக்கு, நம் தொழிலோடு சம்பந்தப்பட்ட ஒரு கதை சொல்கிறோம். 1983 ஜூலை 23. கனடாவில் பவுண்டிலிருந்து கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்றுக்கு 22,300 கிலோ எரிபொருள் வேண்டும். எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யாததால் கையால் கணக்குப் போட்டார்கள். லிட்டரை எடையாக மாற்றும்போது கிலோவுக்குப் பதில் பவுண்டின் அளவைப் போட்டுவிட்டார்கள். ஒரு கிலோ என்பது 2.2 பவுண்டு அல்லவா? வேண்டியதில் பாதிக்கும் குறைவாகவே எரிபொருள் இருந்தது. 41,000 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்தபோது இரண்டு எஞ்சின்களும் நின்றன.

அந்த விமானம் விழவில்லை. பருந்து இறக்கையை அசைக்காமல் மிதப்பதைப் போலச் சறுக்கிக்கொண்டே இறங்கியது. விமானி ராபர்ட் பியர்சன், எஞ்சின் இல்லாத கிளைடர் ஓட்டிப் பழகியவர். கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்தில் கொண்டுபோய் இறக்கினார். உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தனர். அந்த விமானம் பழுது பார்க்கப்பட்டு 2008 வரை ஓடியது. பெரிய விமானம் ஒன்று 35,000 அடியில் எஞ்சினை இழந்தாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் மிதந்து போகும். இரண்டில் ஒரு எஞ்சின் நின்றால் மற்றொன்றைக் கொண்டே கடலைக் கடந்து இறங்க முடியும் என்று நிரூபித்த பிறகுதான் அனுமதியே தருகிறார்கள்.

எடை தவறினால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. லாரியில் மூட்டையை முன்பாரம் பின்பாரம் பார்த்து அடுக்குவது போல, விமானத்திலும் ஆள், பெட்டி, எரிபொருள் என்று பாரம் பார்த்துத்தான் கிளப்புகிறார்கள்.

பதினான்கு மணி நேரம்

இனி, உட்கார்ந்து கடத்தும் நேரம். துபாயிலிருந்து டொரன்டோ ஏறக்குறைய 14 மணி நேரம். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் ஏறக்குறைய 18 மணி நேரம். இதைக் கேட்டு மலைக்கிறவர்கள், காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு எட்டு மணிக்கு அடைப்பது எத்தனை மணி நேரம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் செய்வது இதுதான்: பயணத்தைக் கடை நாளாகப் பிரித்துக்கொள்வோம். முதல் சாப்பாடு வரை காலை வியாபாரம். பிறகு மதியத் தூக்கம். எழுந்து ஒரு நடை. அடுத்து கணக்கு நோட்டு. எதிரில் உள்ள திரையில், கடலுக்கு நடுவே புள்ளி போல விமானம் நகரும் படத்தைப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். அடுப்பில் வைத்த பால் எப்போது பொங்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பதைப் போன்றது அது.

பயம் ஏறும்போது மூச்சு வேகமாகும். மூச்சு வேகமானால் உடம்பிலுள்ள கரியமில வாயு குறைந்து கை மரத்துப்போகும், தலை சுற்றும், நெஞ்சு அடைக்கும். "நெஞ்சு அடைக்கிறதே" என்று பயம் இன்னும் ஏறும். இந்தச் சங்கிலியை அறுப்பதற்கு, நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விட வேண்டும். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் செய்தால் தெரியும். இப்படி வரும் பயம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டுத் தானே இறங்கும்.

அதோடு மனத்துக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். சிலர் கந்தசஷ்டிக் கவசம் சொல்வார்கள், சிலர் ஜெபமாலை உருட்டுவார்கள், நல்லது. நமக்குக் கைகொடுப்பது பழைய எடை வாய்ப்பாடு. நம் தந்தையார் சொல்லிக்கொடுத்தது: 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு, 20 மணங்கு ஒரு பாரம். அப்படியானால் ஒரு பாரத்துக்கு எத்தனை பலம்? 6,400 என்று வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் குலுக்கல் நின்றிருக்கும். நிற்காவிட்டால் பலத்துக்கு இவ்வளவு விலை என்று வைத்துக்கொண்டு மேலே போக வேண்டியதுதான்.

மேலே சொன்ன டொரன்டோ நண்பர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு உடனே கிளம்பிவிடவில்லை. முதலில் மதுரையிலிருந்து சென்னைக்கு ஒருமுறை காலை விமானத்தில் போய், ரயிலில் திரும்பினார். பிறகு போக வர இரண்டும் விமானம். மூன்றாவதாகச் சிங்கப்பூருக்கு நான்கு மணி நேரம். அதன்பின்தான் டொரன்டோ. சிறு எடைக்கல்லிலிருந்து பெரிய எடைக்கல்லுக்குப் போன மாதிரி. டொரன்டோ போகும் வழியில் இரண்டு முறை கை நடுங்கியது என்றார். பணிப்பெண்ணிடம் தன் பயத்தை முன்பே சொல்லி வைத்திருந்ததால், குலுக்கலின்போது அந்தப் பெண் வந்து பக்கத்தில் நின்று பேசிவிட்டுப் போனாராம். ஐம்பது நாள் பேரன்களோடு இருந்துவிட்டு வந்திருக்கிறார். விமானம் பிடித்துவிட்டதா என்று கேட்டோம். "பிடிக்கலை அண்ணாச்சி, ஆனா போயிருவேன்" என்றார்.

உடம்பைப் பற்றி

கடைசியாக, நம் வயதுக்காரர்கள் கவனிக்க வேண்டியவை. விமானத்துக்குள் காற்றழுத்தம் ஊட்டியின் உயரத்தில் இருப்பதைப் போலத்தான் இருக்கும். காற்று மிகவும் வறண்டிருக்கும். இதய சிகிச்சை செய்துகொண்டவர்கள், மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் ஒரு மாதம் முன்பே தங்கள் டாக்டரைப் பார்க்க வேண்டும். வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் இரத்தம் உறையும் அபாயம் உண்டு. ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது எழுந்து நடப்பதும், உட்கார்ந்தபடியே கணுக்காலைச் சுழற்றுவதும், தண்ணீர் குடிப்பதும் அவசியம். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளும் மருந்துச் சீட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். இன்சுலினைப் பெட்டியில் வைத்து அனுப்பக்கூடாது. சரக்கு அறையின் குளிரில் உறைந்து கெட்டுவிடலாம். உண்மையான நெஞ்சுவலிக்கும் பயத்துக்கும் வித்தியாசம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே பணியாளரைக் கூப்பிட வேண்டும்.

வெளிநாட்டு விமானங்களில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று, தைரியத்துக்காக மது அருந்துகிறவர்கள் உண்டு. தூக்க மாத்திரையை நண்பரிடம் கடன் வாங்கிப் போகிறவர்களும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் மூச்சுக்கே ஆபத்து. தனித்தனியாகவும் வேண்டாம். டாக்டர் எழுதிக் கொடுத்தால் அது வேறு விஷயம். அப்போதும் ஒருநாள் வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துப் போக வேண்டும்.

காது அடைப்புக்குப் புளிப்பு மிட்டாய் அல்லது சுக்கு மிட்டாய் நாலைந்து சட்டைப்பையில் இருக்கட்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் வாயில் போட்டு எச்சிலை விழுங்கிக்கொண்டிருந்தால் அடைப்பு விடும். மரக்கறி உணவு வேண்டுவோர் பயணத்துக்கு ஒரு நாள் முன்பாவது சொல்லி வைக்க வேண்டும். ஏறிய பிறகு கேட்டால் பிரட்டும் பழமும்தான் கிடைக்கும். துபாய், தோஹா போன்ற பெரிய நிலையங்களில் விமானம் மாறும்போது வழி தெரியாமல் அலைவதில் பாதி உயிர் போய்விடும். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று பதிவு செய்துவிட்டால், ஒரு விமானத்திலிருந்து அடுத்த விமானம் வரை அவர்களே அழைத்துப் போய்விடுவார்கள். நடக்கத் தெம்பு இருக்கும்போது நாற்காலியா என்று கூச்சப்படும் நண்பர்கள், கையில் சீட்டும் உதட்டில் தமிழுமாக அந்த நிலையத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு முடிவு செய்துகொள்ளலாம்.